மீதி ஆறு மூச்சு

சொல்லவே கூசுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் தலைமை நர்ஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிக்கொள்வேன்.

புதிதாய் வந்த முத்துப்பேச்சி, நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதை முழு நிமிஷம் நின்று எண்ணுவாள். அன்று பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம். அவளோ இரண்டாம் பெட்டில்தான் நின்றிருந்தாள்.

"எட்டுப் பேருக்கும் அஞ்சு நிமிஷத்துல எழுதணும். முடியாட்டி வேற வேலை பாரு" என்று சார்ட்டுகளைப் பிடுங்கி நானே எழுதினேன். மூச்சு இருபது, இருபது, எட்டுப் பேருக்கும் இருபது.

டாக்டர் வந்ததும், அவர் காதுபட, "பார்த்துக் கத்துக்கோ" என்றேன்.

அவள் பவ்யமாய்க் கேட்டாள். "சிஸ்டர், ஏழாம் பெட்காரருக்கும் எண்ணினீங்களா?"

"முழுசா ஒரு நிமிஷம்!"

"அவரு சொந்தமா மூச்சு விடலையே சிஸ்டர். மெஷின் நிமிஷத்துக்குப் பதினாலுதான் தருது. மீதி ஆறை யாரு விட்டாங்க?"

ஆயாம்மா களுக்கென்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. முத்துப்பேச்சியின் வாட்சை வாங்கி என்னிடம் நீட்டினார். "எட்டுப் பேருக்கும் எண்ணுங்க."

மூன்றாம் பெட்டில் ஒரு பூக்காரம்மா. இருபது எண்ணியபோது நிமிஷம் பாதிதான் ஓடியிருந்தது. முப்பத்தெட்டில் முடிந்தது. பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன்.

ஆக்ஸிஜன் மாட்டும்போது அந்த அம்மா திணறித் திணறிச் சொன்னாள்:

"இப்பத்தான் சிஸ்டர்... என்னைப் பாக்குறீங்க."