சாக்கடையின் வாலைப் பிடித்த கவுன்சிலர்

காரைமேட்டுப்பட்டி பேரூராட்சியில் போண்டா வருவதற்கு முன்னால் எந்தத் தீர்மானமும் நிறைவேறியதாக வரலாறு கிடையாது. போண்டா வரும்வரை உறுப்பினர்கள் மேஜையைத் தட்டுவார்கள், வெளிநடப்பு செய்யப்போவதாகச் சொல்லி நாற்காலியைக்கூடக் கொஞ்சம் நகர்த்துவார்கள். போண்டா வந்துவிட்டால் எல்லாம் ஒருமனதாகிவிடும்.

அந்தப் போண்டாவைச் சுட்டு எடுத்துக்கொண்டு போகிறவள் பஜார் தெரு மங்கையர்க்கரசி. போன கூட்டத்தில் அவள் தட்டுகளில் போண்டா வைத்துக்கொண்டிருந்தபோதுதான் செயல் அலுவலர், "பஜார் தெருவில் சாக்கடையைத் தாண்டி நீட்டியிருக்கும் ஆக்கிரமிப்புகளை அகற்றுவது" என்று வாசித்தார். நாலாவது வார்டு கவுன்சிலர் தீர்த்தகிரி உடனே கையைத் தூக்கினார். அவர் சட்னி கேட்டார். ஆதரவு என்று எழுதிக்கொண்டார்கள். அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். அவர்களுக்கும் சட்னி வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் சட்னி ஊற்றிவிட்டு, தூக்குவாளியோடு படியிறங்கும்போதுதான் மங்கைக்கு உறைத்தது. பஜார் தெருவில் சாக்கடையைத் தாண்டி நீட்டியிருப்பது ஒன்றே ஒன்று. அவள் கடையின் தகரப் பந்தல்.

கடை என்று சொல்வது மரியாதைக்கு. உள்ளே ஓர் ஆள் நின்றால் இன்னொரு ஆள் மூச்சு விட வெளியே போக வேண்டும். அடுப்பு, பெஞ்சு, வருகிறவர்கள் எல்லாம் பந்தலுக்கு அடியில்தான். பந்தல் போனால் கடையும் போயிற்று.

அந்தச் சாக்கடையின் நடத்தையும் கொஞ்சம் விசித்திரமானது. பஸ் நிலையத்திலிருந்து எதிர்ச்சாரி ஓரமாக ஒழுங்காக வரும். பெரியநாயகம் டைல்ஸ் கடையைப் பார்த்ததும் திடீரென்று தெருவைக் குறுக்கே கடந்து இந்தப் பக்கம் வந்து, மங்கையின் பந்தலுக்கு அடியில் நுழைந்து, டைல்ஸ் கடை முடிந்ததும் மறுபடி எதிர்ச்சாரிக்கே திரும்பிவிடும். பெரியநாயகம் தீர்த்தகிரியின் மச்சான். பஜார் தெருவுக்கே காரணம் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

புதிதாக வந்திருந்த எஞ்சினியர் ஜெனிட்டா நல்ல பெண்தான். "என் கண்ணுக்குச் சாக்கடை இங்கதான்கா இருக்கு. முன்னாடி வேற இடத்துல இருந்துச்சுன்னா, விவரம் தெரிஞ்ச ஒருத்தர் என் முன்னாடி வந்து சொல்லட்டும். தோண்டிப் பார்த்துடறேன். இல்லன்னா வியாழக்கிழமை காலையில பந்தலை எடுத்துத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டாள்.

மங்கை தீர்த்தகிரியிடமே போய்க் கேட்டாள். "அது ஆதியிலேர்ந்தே அங்கதாம்மா ஓடுது" என்றார் அவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஆனால் அந்த மனுஷரை மங்கை எத்தனையோ வருஷமாகப் பந்தலடியில் உட்காரவைத்து வடை போட்டு, அவர் அளப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேள்வி கேட்டால் மழுப்புவார், சந்தேகப்பட்டால் பொங்குவார். வியாழக்கிழமை காலை அவரை ஆள் விட்டு அழைத்துவரச் செய்தாள். ஆட்டோ ஓட்டும் யாகூப் பாயையும் பூக்காரி சின்னப்பொண்ணுவையும் முன்னதாகவே பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"நாங்க என்னக்கா செய்யணும்?" என்றாள் சின்னப்பொண்ணு.

"எதையும் நம்பாதீங்க. அது போதும்."

தீர்த்தகிரி வந்தார், மடிப்புக் கலையாத வேட்டியும் மணக்கிற சந்தனமுமாக. வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "அப்புறம் பாய், ஊர் எப்படி இருக்கு? சட்டதிட்டம்லாம் சுத்தமா நடக்குதா?" என்றார்.

"எங்கண்ணா நடக்குது? 'இங்கே சுவரொட்டி ஒட்டாதீர்'னு நீங்க ஒட்டின நோட்டீஸையே நேத்து ஒரு ஆடு தின்னுட்டுப் போச்சு."

"அது வெளியூர் ஆடு."

"ஆட்டுல என்னண்ணா வெளியூரு உள்ளூரு?"

"நம்ம வார்டு ஆடு முதல்ல நின்னு படிக்கும்யா. கல்யாணப் போஸ்டர்னா தின்னும், கட்சிப் போஸ்டர்னா பசை இருக்கிற பக்கமாப் பார்த்துத் தின்னும். பேரூராட்சி அறிவிப்புன்னு தெரிஞ்சா, ரெண்டு எட்டு பின்னால போயி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒதுங்கிடும். ஆட்டை விடு. ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு போட்டோம்ல? அதை நாய்க்கும் சேர்த்துப் போட்டவன் நான். பத்து அடிச்சா ஒரு நாய் குலைக்காது."

"அப்ப திருடன் வந்தா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"கடிக்கும். ஆனா சத்தமில்லாம கடிக்கும். கடிபட்டவனும் கத்த மாட்டான். அவனுக்கும் அதே சட்டந்தானே?"

சின்னப்பொண்ணு மல்லிகைச் சரத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். "சரிண்ணா, கொசு? புகை மெஷினு ரிப்பேராகி எத்தனை மாசமாச்சு?"

"மெஷின் எதுக்கு? வார்டு எல்லையில சுண்ணாம்புக் கோடு போட்டேன். அஞ்சாம் வார்டு கொசு இதைத் தாண்டி வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு தாண்டலை. சாயங்காலமானா கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையா உட்கார்ந்து நம்ம ஆளுங்களை ஏக்கமாப் பார்த்துக்கிட்டு இருக்குதுங்க."

"அப்போ எங்களைக் கடிக்கிறது எதுங்க?"

"அதுங்க நம்ம வார்டும்மா. உள்ளூர்க்காரங்களை என்ன பண்றது?"

மங்கை இன்னொரு வடையை வைத்தாள். பஸ் நிலையத்துப் பக்கம் பொக்லைன் இயந்திரம் உறுமுகிற சத்தம் கேட்டது. அவள் யாகூப் பாயைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"ஆட்டையும் கொசுவையும் யார் வேணா மிரட்டலாம்ணா," என்றார் பாய். "பெரிசா எதையாச்சும் அசைச்சிருக்கீங்களா?"

தீர்த்தகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேல்நிலைத் தொட்டியோட நிழல் தெருவுல விழுந்து கிடந்துச்சு, ஞாபகம் இருக்கா? பாதித் தெரு ஆக்கிரமிப்பு! அனுமதி இருக்கான்னு பார்த்தேன். இல்ல. நோட்டீஸ் ஒட்டிட்டேன்."

"தொட்டி மேலயா?"

"நிழல் மேல. தொட்டி பேரூராட்சிச் சொத்து. அது மேல ஒட்டினா நமக்கு நாமே ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? மத்தியானம் பன்னண்டு மணி வரைக்கும் கெடு. பன்னண்டுக்குப் போய்ப் பார்க்கறேன், நிழலைக் காணோம்!"

"உச்சி வெயில்ல எங்கண்ணா நிழல் இருக்கும்?"

"அதாம்யா பயம்ங்கறது!"

"சாயங்காலம் திரும்ப வந்திருக்குமே?"

"வந்துச்சு. ஆனா எதிர்ப்பக்கமா வந்துச்சு. தப்பை உணர்ந்து இடம் மாறிக்கிச்சு."

பாய் சிரிப்பை அடக்க டீயைக் குடித்தார். டீ மூக்கு வழியாக வந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட தீர்த்தகிரி குரலை உயர்த்தினார்.

"இதுக்கே இப்படியா? போன ஐப்பசியில மார்க்கெட்டுக்கு மேல ஒரு மேகம் வந்து நின்னுச்சு. கறுப்பா, மூணு மாடி உயரம். கீழ நின்னு கேட்டேன்: 'வரைபட ஒப்புதல் இருக்கா? நாலு பக்கமும் இடம் விட்டுக் கட்டியிருக்கா?' பதிலே இல்ல. எடுத்தேன் விசிலை, ஊதினேன் ஒரு ஊது. அப்படியே திரும்பி, பக்கத்து ஊர்ல போய்க் கொட்டிட்டுப் போயிடுச்சு."

"ஓ, அதான் நம்ம ஊர்க் குழாய்ல தண்ணி வரலையா?"

"சட்டம்னா சட்டந்தான் பாய். தாகத்தைப் பார்த்தா முடியுமா?"

பொக்லைன் வந்து பந்தலுக்கு முன்னால் நின்றது. அதன் பின்னாலேயே ஜெனிட்டா ஸ்கூட்டரிலிருந்து இறங்கினாள். மங்கை கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டாள். இனிமேல் தள்ளிப்போட நேரம் இல்லை.

"மேகத்தை நான் நம்பறேண்ணா," என்றாள் சத்தமாக. "காத்துல மிதக்கறது, ஊதினா போகும். ஆனா பூமியில கல்லு வெச்சுக் கட்டினதை யாரு அசைக்க முடியும்? இதோ இந்தச் சாக்கடையையே எடுத்துக்குங்க. இதை ஒரு அடி நகர்த்தணும்னாக்கூட மந்திரி வந்தாத்தான் உண்டு."

"ஆமாமா," என்றார் பாய். "ஒரு கவுன்சிலரால ஆகிற காரியமா?"

"விடுங்க பாய், பாவம்," என்றாள் சின்னப்பொண்ணு. "முடியாததைக் கேட்டு மனுஷனைச் சங்கடப்படுத்தாதீங்க."

அந்த 'பாவம்'தான் வேலை செய்தது. தீர்த்தகிரி கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். அவர் பாதி வடையைக் கீழே வைத்ததை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

"யாரால முடியாது? இந்தச் சாக்கடையை இங்க கொண்டாந்து போட்டதே இந்தக் கைதான்! மச்சான் கடை திறக்கிறப்ப அழுதான். 'வாசல்ல சாக்கடை நாறினா எவன் மச்சான் டைல்ஸ் வாங்க வருவான்'னு. விடியற்காலையில வந்தேன். சாக்கடை அசந்து தூங்கிக்கிட்டு இருந்துச்சு. மெதுவாப் போயி வாலைப் பிடிச்சேன்."

"சாக்கடைக்கு வாலா?"

"ஏரிப் பக்கம் தலை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாலு. இதுகூடத் தெரியாம இந்தத் தெருவுல ஆட்டோ ஓட்டறீரு! பிடிச்சு ஒரே இழுப்பு. தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து விழுந்துச்சு. ஒரு சொட்டு சிந்தலையே! உள்ளே இருந்த தவளைக்குக்கூடத் தெரியாது. எதிர்ச்சாரியில கத்த ஆரம்பிச்ச தவளை, இங்க வந்து கத்தி முடிச்சது."

"அதுக்கு முன்னாடி எங்க சார் ஓடுச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

புதுசாக ஒரு ஆள் கேட்க வந்திருக்கும் குஷியில் தீர்த்தகிரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதோ, மச்சான் கடைப் படிக்கு அடியில!"

"சும்மா இருங்கண்ணா," என்றார் பாய். "அங்க கிரானைட் படிதான் இருக்கு."

"படியைப் பேர்த்துப் பாருய்யா! பழைய கருங்கல்லு ரெண்டு வரிசையும் அப்படியே கிடக்கும். பக்கத்துல நின்னு மண்ணைத் தள்ளி மூடச் சொன்னவனே நான்தான்!"

சொல்லி முடித்த பிறகு திரும்பினார். ஜெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். பொக்லைன் டிரைவரிடம், "வண்டியை எதிர்ப்பக்கம் திருப்புங்கண்ணா" என்றாள்.

பெரியநாயகம் கையில் ஒரு குளியலறை டைல்ஸோடு ஓடிவந்தார். "மச்சான், என் படி! மச்சான், என்ன இது?" என்று கத்தினார். மச்சான் வேட்டி நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிரானைட் நகர்ந்தது, மண் வந்தது, மண்ணுக்கு அடியில் கருங்கல் ஒரு வரிசை, அதற்கு எதிரே இன்னொரு வரிசை. கடைசியாக ஒரு தவளையும் வந்தது. அது கருத்து எதுவும் சொல்லவில்லை.

தீர்த்தகிரி தெருவைத் தாண்டி ஓடினார். "மேடம், மேடம்! அது சும்மா புளுகுங்க! வாய்க்கு வந்ததை அளந்தேன். நான் சொன்னதுல ஒண்ணுகூட நிஜம் கிடையாதுங்க!"

யாகூப் பாய் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ஆடு படிச்சதை நம்பினேன். மேகம் திரும்பினதையும் நம்பினேன். இதை மட்டும் நம்ப முடியலையேண்ணா."

ஜெனிட்டா பந்தலடிக்கு வந்து மங்கையிடம் சொன்னாள்: "பந்தல் இருக்கட்டும்கா. சாக்கடைதான் ஆக்கிரமிப்பு பண்ணியிருக்கு. ஆனா அதைத் திரும்ப அங்க போடறதுக்கு மன்றத்துல தீர்மானம் வேணும். உறுப்பினர்கள் ஒத்துக்கணும்."

மங்கை எண்ணெயிலிருந்து கரண்டியை எடுத்தாள். "அதை நான் பார்த்துக்கறேன் மேடம்."

அடுத்த கூட்டத்தில் அவள் வழக்கம்போலப் போண்டா கொண்டுபோனாள். நல்ல சூடு, கூடவே நல்ல காரம். எல்லோர் தட்டிலும் வைத்தாள். சட்னி வாளியை மட்டும் கதவோரத்தில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். செயல் அலுவலர், "பஜார் தெருச் சாக்கடையைப் பழைய இடத்துக்கே மாற்றுவது" என்று வாசித்தார். யாரும் அசையவில்லை. தீர்த்தகிரி போண்டாவை ஒரு கடி கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. வாளியைப் பார்த்தார், மங்கையைப் பார்த்தார்.

கையைத் தூக்கினார்.

"ஒருமனதாக" என்று எழுதிய பிறகுதான் மங்கை வாளியைக் கையில் எடுத்தாள்.