சாய்கோடு போட்ட பிரேக்கர்

சிவகாசியில் ராஜக்கனியின் அச்சகத்தில் ஒரு நாள் காலை மெஷின் நின்றுபோனது. மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள். எதைக் கேட்பது என்று அவள் தவித்த தவிப்புதான் இந்தப் புதிர்.

மெஷின் ஜப்பானிலிருந்து வந்த பழைய சரக்கு. அதற்கென்று தனி டிரான்ஸ்பார்மர் உண்டு. அதிலிருந்து டெல்டா என்ற முக்கோண இணைப்பில் மூன்று கம்பிகள் வரும், நியூட்ரல் கிடையாது. எந்த இரண்டு கம்பிகளுக்கு இடையிலும் 200 வோல்ட். மெஷின் இழுப்பது நாற்பது ஆம்பியர். கம்பி தாங்குவது அறுபது. அதற்கு மேல் போனால் சூடேறும். சுற்றிலும் காகிதக் கட்டுகள் வேறு.

அன்று உடைந்தது, மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் பிரேக்கரின் கைப்பிடி. கல்யாணப் பத்திரிகைக்காகப் பெண்ணின் அப்பா வாசலில் காத்திருந்தார். சாயங்காலம் தருவதாக ராஜக்கனி வாக்குக் கொடுத்திருந்தாள்.

எலக்ட்ரீஷியன் செயபாண்டி டெஸ்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு கம்பிகளில் எரிந்தது. மூன்றாவதில் எரியவில்லை.

"ஒரு பேஸ் செத்துப்போச்சு மதினி," என்றார் அவள் கொழுந்தன் குருசாமி.

"சாகல அண்ணாச்சி. அந்தக் கம்பியை எர்த்துல கட்டியிருக்கு. இந்த மெஷினுக்கு அப்படித்தான்," என்றார் செயபாண்டி.

குருசாமி அலமாரியிலிருந்து ஒரு பிரேக்கரை எடுத்து வந்தார். நூறு ஆம்பியர், 240 வோல்ட். "இதைப் போடுங்க. விழவே விழாது."

செயபாண்டி தன் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். அறுபது ஆம்பியர். வோல்ட் இருக்கும் இடத்தில் 120/240 என்று சாய்கோடு போட்டிருந்தது. "நமக்கு இருநூறுதான். இது இருநூத்தி நாப்பது வரைக்கும் தாங்கும். பத்து நிமிஷத்துல மாட்டிருவேன்."

நாள் முழுக்க மெஷினின் இரும்பில் கை வைத்து நிற்கிறவன் தவசி. அவன் தயங்கிச் சொன்னான்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. உடைஞ்சதுல அறுபதும் வெறும் 240ம்தான் போட்டிருக்கு. அதே மாதிரி வரட்டுமே."

"பொண்ணு பாக்கப் போனாலும் அதே மாதிரிதான் கேப்பியாடா?" என்று குருசாமி சிரித்தார்.

ராஜக்கனி மதுரைக் கடைக்குப் போன் போட்டாள். அதே பிரேக்கர் இருந்தது. ஆனால் மறுநாள்தான் வந்துசேரும்.

வாக்கும் தவறக் கூடாது, தவசிக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. மூவரில் யார் சொன்னது சரி? ஏன்?

விடை: தவசி சொன்னதுதான் சரி. கம்பி அறுபதுதான் தாங்கும் என்பதால், ஏதாவது கோளாறில் மெஷின் அதற்கு மேல் இழுத்தால் நூறு ஆம்பியர் பிரேக்கர் விழுவதற்குள் கம்பி எரிந்துவிடும். செயபாண்டி பெரிய எண்ணை மட்டும் பார்த்தார். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள 240 இரண்டு கம்பிகளுக்கு இடையில் தாங்குவது. முன்னால் உள்ள 120 ஒரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில் தாங்குவது. இங்கே ஒரு கம்பியே எர்த்தில் இருப்பதால், மற்ற இரண்டுக்கும் எர்த்துக்கும் இடையில் முழு 200 வோல்ட் இருக்கும். அவற்றில் ஒன்று எர்த்தோடு இணைந்த மெஷின் இரும்பில் பட்டால் அந்த 200 வோல்ட்டைப் பிரேக்கரின் ஒரே முனை தனியாகத் துண்டிக்க வேண்டும். 120 வரைக்கும்தான் உறுதியுள்ள அந்தப் பிரேக்கரை அதற்கு நம்ப முடியாது; சாய்கோடு இல்லாத வெறும் 240 என்றால் எர்த்துக்கும் அதே 240 வரை தாங்கும். ராஜக்கனி வாசலுக்குப் போய், "நாளைக்குத்தான் அண்ணாச்சி, மன்னிச்சுக்கோங்க," என்றாள். பெண்ணின் அப்பா, அவள் கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து போனார்.