ஓங்கிலுக்குப் பால் ஊற்றும் கை

நாணலாறு கடலில் விழுகிற இடத்தில் புன்னைமேடு என்றொரு மீனவக் குப்பம். வெளியூர்க்காரர்கள் டால்பின் என்று சொல்வதை அங்கே ஓங்கில் என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது டிவியில் துள்ளுகிற பிராணி, புன்னைமேட்டுக்கு உறவு. ஓங்கில் செத்துக் கரையொதுங்கினால் நாய்க்கு விடமாட்டார்கள். மணலில் குழி வெட்டி, பால் ஊற்றிப் புதைப்பார்கள். பால் விழும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. ஊற்றுகிறவருக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஓங்கிலின் இரையை மறித்த கையாக அது இருக்கக்கூடாது. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

தேசிங்கு அந்தக் குப்பத்தில் பிறந்தவன். ஆனால் வலை பிடிக்கவில்லை. ஆற்றின் குறுக்கே நிற்கும் கதவணையில் லஸ்கர் வேலை, அதாவது கதவை ஏற்றி இறக்கும் வேலை. மேலதிகாரி சொன்னால் ஏற்றுவான், சொன்னால் இறக்குவான். வருஷக்கணக்கில் இப்படியே போனதில் அவன் மனசு மரத்துப்போயிருந்தது. யார் எதைக் கேட்டாலும் "மேல கேக்கணும்" என்பான். குழம்புக்கு உப்புப் போதுமா என்று பெண்டாட்டி கேட்டாலும் அதைத்தான் சொல்வான் என்று குப்பத்தில் கேலி உண்டு.

ஆடியில் புதுத்தண்ணீர் வந்ததும் அணைக் கதவை இறக்கிவிடுவார்கள். தண்ணீர் வாய்க்காலில் ஏறி நாற்றங்காலுக்குப் போக வேண்டுமே. அதே புதுத்தண்ணீரின் வாடை பிடித்துக்கொண்டு கடலிலிருந்து உள்ளம் என்கிற மீன், வயிறு நிறைய முட்டையோடு ஆற்றில் ஏறி வரும். கதவு மூடிக் கிடந்தும் வருஷா வருஷம் அது மேலே போய்விடும். அணையைக் கட்டிய புண்ணியவான் ஓரத்தில் மீனுக்கென்று படி படியாக ஒரு சின்ன வாய்க்கால் விட்டிருந்தான். அதில் சரிகிற தண்ணீர் வயல் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. முட்டையிட்டுக் களைத்துத் திரும்பும் உள்ளத்துக்காக முகத்துவாரத்தில் ஓங்கில் கூட்டம் காத்திருக்கும்.

போன வருஷம் மீன் ஏறி முடிகிற கடைசி நாட்களில் அந்தப் படியில் குப்பத்து ஆட்களே கூடை வைத்து மீனை அள்ளினார்கள். முட்டை மீனை அள்ளுகிறார்களே என்று தேசிங்குக்குக் கோபம் வந்தது. அவன் கடைசியாகக் கோபப்பட்டது அன்றுதான். மேலே யாரையும் கேட்காமல், கூடை வைக்க இடமில்லாதபடி படியின் வாயில் மணல்மூட்டைகளை அடுக்கினான். மீனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

இந்த வருஷம் உள்ளம் வந்தது. கதவுக்குக் கீழே தண்ணீர் தெரியாமல் கூடி நின்றது.

தேசிங்கின் அண்ணன் கலிவரதன், குப்பத்துத் தலைவர், அணைக்கு வந்தார். "ஒரு சாண் தூக்குடா தம்பி. புள்ளத்தாச்சிங்களாட்டம் நிக்கிதுவோ பாரு."

"மேல கேக்கணும்ணே."

அவர் போன பின்னாலேயே வாய்க்கால் கரை விவசாயி தட்சிணாமூர்த்தி வந்தார். சுத்த சைவம், மீன் வாடையே ஆகாது. "தூக்கிடாதீங்க தம்பி. நாத்தெல்லாம் பொசுங்கிப் போயிரும்."

"மேல கேக்கணுங்க."

மேலே கேட்டான். தூக்காதே என்றார்கள். தூக்கவில்லை. உள்ளம் கதவில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தான்; அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இனி எப்படியும் செத்துவிடும் என்று கலிவரதன் ஆட்களோடு வந்து வலையை இறக்கி, நின்ற மீன் அத்தனையையும் வாரிக்கொண்டு போனார்.

ஆவணி பிறந்தபோது ஒரு பெண் ஓங்கில் கரையொதுங்கியது. விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி ஒட்டிக் கிடந்தது. குழி வெட்டினார்கள். படகுகள் மணலில் நின்றன, வீடுகளில் அடுப்பு யோசித்து எரிந்தது. பால் ஊற்ற ஆள் தேவை.

"நான் ஊத்துறேன்" என்றார் கலிவரதன். "நான் வாரினது எப்படியும் சாவப்போற மீனு. ஏற வழியில்லாம நின்னுச்சு. நான் எதையும் மறிக்கல."

தட்சிணாமூர்த்தி சேதி கேட்டுத் தன் பசுவின் பாலோடு வந்திருந்தார். "நான் கேட்டது தண்ணிதான். ஒரு மீனைத் தொட்டவனில்ல. ஆனா மனசு கேக்கல, என்னை ஊத்த விடுங்க." கதவைத் தூக்க வேண்டாம் என்றதே இவர்தானே என்று கூட்டம் முணுமுணுத்தது.

பிறகு எல்லாரும் தேசிங்கைப் பார்த்தார்கள். "அவன் வலையும் போடல, தண்ணியும் கேக்கல. சொன்னதச் செஞ்சான். அவன் கைதான் சுத்தம்" என்றாள் ஒரு பெண். அரசாங்கத்து ஆள் என்று ஒதுக்கிவைத்த ஊர் அவனைக் கூப்பிட்டது. ஊற்றினால் மறுபடி ஊர்க்காரன். தனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. பால்செம்பை வாங்கிக்கொண்டான்.

மூன்று பேரும் குழி விளிம்பில் நிற்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்: அந்தச் செம்பு யார் கையில் இருப்பது முறை?

*

விடை: தட்சிணாமூர்த்தியின் கையில். கதவு வருஷா வருஷம் மூடித்தான் கிடந்தது, உள்ளமும் ஏறித்தான் வந்தது; ஆகவே அவர் கேட்ட தண்ணீர் மீனை மறிக்கவில்லை. கலிவரதன் வாராமல் விட்டிருந்தால் ஏற முடியாத மீன் கடலுக்காவது திரும்பியிருக்கும், ஓங்கிலுக்குக் கிடைத்திருக்கும்; அவர் கையும் மறித்த கைதான். ஆனால் மீன் ஏற முடியாமல் நின்றதற்கே காரணம், போன வருஷம் தேசிங்கு அடுக்கி, எடுக்காமலே விட்ட மணல்மூட்டை. செம்பின் கனம் கையில் ஏறிய பிறகுதான் தேசிங்குக்கு அது உறைத்தது. "நான் ஊத்தக் கூடாதுங்க" என்று தட்சிணாமூர்த்தியிடம் செம்பை நீட்டினான். ஏன் என்று கேட்டவர்களிடம் மூட்டை அடுக்கியதைச் சொன்னான். பால் விழுந்தது, படகுகள் இறங்கின. அவன் நேரே அணைக்குப் போய், மேலே யாரையும் கேட்காமல், மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். படியில் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. ஏறி வரக் கீழே மீன் இல்லை. இருட்டும்வரை அவன் அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.