புழுதி அடங்குமுன்

"ஊர்க்காரங்க கோபத்தைக் கொஞ்சம் ஆத்தி வைங்கம்மா. லாரியை மறிக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

சொன்னவர் வெயிலுமுத்து, கல்குவாரி முதலாளி. வெள்ளிக்கிழமை தவறாமல் வாழைத்தாரோடு வந்து நிற்கும் சீடர்.

துறவி மாடத்தியம்மா பழத்தைத் தொடவில்லை.

"உன் லாரியில அடிபட்ட பூமயிலுக்குக் காலை எடுத்தாச்சா?"

"எடுத்துட்டாங்க, பாவம். நான் என்ன செய்ய? வெடி போட்டா புழுதி ரோடு வரைக்கும் வரத்தான் செய்யும். அதுக்குள்ள டிரைவருக்குக் கண்ணு தெரியுமா?"

"அடங்குனப்புறம் வண்டியை விட்டா என்ன?"

"ஒவ்வொரு வெடிக்கும் நின்னா லோடு எப்போ போய்ச் சேர? நிக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன். கோபம் பாவம்னு நீங்களே சொல்லியிருக்கீங்கல்லம்மா?"

மாடத்தியம்மா ஒரு குடத்தை அவர் முன்னால் ணங்கென்று வைத்தார்.

"எதிர்ல குழாய் இருக்கு. தண்ணி கொண்டா."

ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். வெள்ளை வேட்டி வேறு. ஆனாலும் குருவிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போனார்.

குடம் நிறையும்போது வெடி வைக்கப் போவதாகக் குவாரியில் சங்கு ஊதியது. கல் இவ்வளவு தூரம் வராது என்று அவருக்குத் தெரியாதா என்ன? குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நிலம் குலுங்கியது. புழுதி பனை உயரத்துக்கு எழும்பி, காற்றில் சரிந்து, ரோட்டோடு ரோடாகப் பரவியது. பாதி ரோட்டில் அவரை மூடியது. நீட்டிய கை அவருக்கே தெரியவில்லை.

ஹாரன் அடித்தது. இடமா, வலமா?

"நிறுத்துடா! ஆள் இருக்கேன்டா!"

தொண்டை கிழியக் கத்தினார். இரைச்சல் நேராக அவர் மேல் வந்தது. குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பள்ளத்தில் விழுந்தார். லாரி குடத்தை நசுக்கிவிட்டு நிற்காமல் போனது.

புழுதி மெலிந்தபோது அதன் முதுகு தெரிந்தது. அதில் அவருடைய மகளின் பெயர் எழுதியிருந்தது.

வெள்ளைப் பூசணிக்காய் போலத் திரும்பி வந்தார்.

"அந்த டிரைவரை இன்னைக்கே தொலைக்கிறேன்! புழுதி அடங்குறவரைக்கும் நிக்க முடியாதா அந்த நாய்க்கு? மனுஷ உயிருன்னா அவ்வளவு எளப்பமா?"

"நிக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

வெயிலுமுத்து வேட்டிப் புழுதியை உதறினார்.

"கோபம் ஆறலையோ?"

"எப்படிம்மா ஆறும்!"

மாடத்தியம்மா வாழைத்தாரைத் தூக்கி அவர் தோளில் ஏற்றினார்.

"ஆற விடாதே. இப்படியே பூமயில் வீட்டுக்குப் போ."