முகமில்லாத தீனிக்காரர்

டொக், டொக், டொக்.

தீனி அறைச் சுவருக்கு அந்தப் பக்கம், தகரத் தட்டில் அலகு கொத்தும் சத்தம்.

"நம்ம பச்சை வளையம்தான்," என்றார் சூசை, பார்க்காமலே. "பசி வந்துட்டு."

காலில் பச்சை வளையம் மாட்டிய ஹுபாரா அது. கானமயிலுக்கு உறவு, கோழியைவிடச் சற்றுப் பெரிது. அரபுப் பாலைவனத்தில் வேட்டையாடியே தீர்த்துவிட்ட பறவை. இந்தக் காப்பகத்தில் குஞ்சிலிருந்து வளர்த்து வெளியே விடுகிறார்கள்.

வளர்ப்பவருக்கு ஒரு சட்டம் உண்டு. தலை முதல் கால்வரை மணல்நிற அங்கி. முகத்தில் துணி. பறவை முன்னால் வாய் திறக்கக் கூடாது.

நாலு மாதம் சூசை அப்படித்தான் தீனி வைத்தார். இன்றைக்கு அதைத் திறந்துவிடும் நாள்.

"பாய், ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டிக்கிடுதேன்." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "போயிட்டுன்னா, வளத்தது யாருன்னே அதுக்குத் தெரியாதுல்லா."

மொகுதூம் அவரைவிடப் பத்து வயது இளையவர். வேலை கற்றுக்கொடுத்தவர்.

"உம்ம மவளுக்கு உம்மத் தெரியுமாவே?"

"போன்ல பாத்தாத் தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். சூசை முதலில் நிறுத்திக்கொண்டார்.

மொகுதூம் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். சாவிகளுக்கு நடுவே ஒரு சின்ன மஞ்சள் வளையம்.

"இது யாருது?"

"நான் முகத்தைக் காட்டுன பறவையோடது. வந்த புதுசுல."

"உங்களத் தெரியுமா அதுக்கு?"

"நாக்கைச் சொடுக்குனா ஓடி வரும். மடியில குந்திக்கிடும்."

சூசையின் முகம் மலர்ந்தது. "பெறவு?"

"விட்ட மூணாம் நாள், வேலிக்கு அந்தாண்ட ஒரு ஜீப் வந்து நின்னுச்சு. துப்பாக்கியோட ஒருத்தன் இறங்குனான். மத்ததெல்லாம் பறந்துட்டு."

"இது?"

"அவன்கிட்ட ஓடியிருக்கு. நான்னு நெனச்சி."

சூசை வளையத்தைத் திருப்பிக் கொடுத்தார். துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

கூண்டுக் கதவைத் திறந்தார். பறவை மணலில் பத்தடி நடந்தது. நின்றது. திரும்பி அவரைப் பார்த்தது.

அவரும் பார்த்தார்.

பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, அதை நோக்கி ஓடினார்.

பறவை மிரண்டு எழும்பியது. வெள்ளைச் சிறகு, அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் வானம்.

அறைக்குத் திரும்பியபோது சூசைக்கு மூச்சு வாங்கியது. துணியை விலக்கினார். கண்கள் நனைந்திருந்தன.

"நல்லாப் பயந்துட்டு, பாய்."

மொகுதூம் தலையாட்டினார்.

சூசை வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கூண்டின் தண்ணீர்த் தட்டைக் கழுவப் போனார்.