வெங்காயக் கை

பிரிஸில்லாவுக்கு முப்பத்து மூன்று வயது. தூத்துக்குடியில் கடல்நீர் மீன்தொட்டிக்கு வேண்டியதெல்லாம் விற்கிறாள். அவளிடம் பாடம் கேட்கிற தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். ஆனாலும் வாய் நிறைய "குருவே" என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

ஒருநாள் காலையில் போன் வந்தது.

"குருவே, பவளம் போச்சு! ஒரு வாரமா விரியவே இல்ல. உடனே வாங்க."

போனாள். காளான் குடை மாதிரி விரிந்து, மேலெல்லாம் பொடிப்பொடி விரல்களை ஆட்டவேண்டிய மென்பவளம் சுருண்டு கிடந்தது. மேலே மெழுகு பூசினாற்போல ஒரு படலம்.

பக்கத்தில் அவர் மனைவி கோமதி நின்றாள்.

"ஏற்கெனவே ரெண்டு மீன் செத்துச்சு. எடுத்துப் புதைச்சது நானு. இதுவும் போச்சுன்னா தொட்டியத் தூக்கிரணும்னு சொல்லிட்டேன். இன்னொரு சாவு பார்க்க எனக்குத் தெம்பில்ல."

பிரிஸில்லா தண்ணீரைச் சோதித்தாள். உப்பும் சூடும் சரியாக இருந்தன.

"முதல்ல எங்க வச்சீங்க, அண்ணாச்சி?"

"இந்த மூலையில."

மார்க்கரை எடுத்துக் கண்ணாடியில் ஒன்று என்று எழுதினாள்.

"பெறகு?"

"வெளிச்சம் பத்தலையோன்னு மேல வச்சேன்."

இரண்டு.

"அப்புறம் வெளிச்சம் கூடிப்போச்சோன்னு கீழ எறக்கினேன். நீரோட்டம் வேணுமோன்னு அந்தப் பக்கம்..."

ஏழு வரைக்கும் எழுதினாள். மார்க்கர் மூடியை மாட்டிவிட்டுக் கோமதியைப் பார்த்தாள்.

"மதினி, அண்ணாச்சி வேலையில இருந்தப்ப எத்தனை ஊருக்கு மாத்தலாகிப் போனீங்க?"

"ஏன் கேக்க! பதினோரு ஊரு."

"ஒரு ஊரு அடுப்பங்கரை பழக எத்தனை நாளாவும்?"

"மாசக்கணக்காவும். சாமான் கட்டைப் பிரிச்சு முடிக்கு முன்ன அடுத்த ஆர்டரைக் கொண்டாந்து நீட்டுவாரு."

"இதுக்கு ஒரே வாரத்துல ஏழு ஆர்டர் போட்டிருக்காரு."

கோமதி சிரித்துவிட்டாள். தணிகாசலத்தின் முகம் தொங்கிப்போனது.

"அப்ப இந்தப் படலம்? பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்திரட்டா?"

"சட்டை உரிக்குது, அண்ணாச்சி. தானா கழண்டு போவும்."

"எத்தனை நாள்ல?"

"அதுக்குக் காலண்டர் தெரியாது."

"அதுவரைக்கும் நான் என்னதான் செய்யட்டும்? சும்மா இருக்க முடியலையே, குருவே!"

பிரிஸில்லா கையை அலம்பிக்கொண்டு, பவளத்தை ஒன்று என்று எழுதிய மூலையிலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"மதினி, சின்ன வெங்காயம் இருக்கா?"

ஒரு முறம் நிறைய வந்தது. தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, முறத்தை மடியில் வைத்தாள்.

"கை பரபரங்கும்போதெல்லாம் இதை உரிங்க. வெங்காயக் கை மட்டும் அந்தத் தண்ணில படக் கூடாது, ஆமா."

முதல் நாள் ஒரு கிலோ உரித்தார். வீட்டில் சாம்பார். மறுநாள் வத்தக்குழம்பு. அதற்குமேல் எதிர்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் உரித்த வெங்காயம் போனது. நாலாம் நாள் கோமதியும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பூண்டு உரிக்கத்தானாம்.

பதினோராம் நாள் காலையில் அவள்தான் கத்தினாள்.

"ஏங்க! இங்க பாருங்க!"

படலம் ஒரு ஓரமாகக் கிழிந்து, நீரோட்டத்தில் ஆடி, மொத்தமாகக் கழன்று போனது. குடை மெல்ல விரிந்தது. ஒரு விரல் எட்டிப் பார்த்தது. அப்புறம் பத்து. மத்தியானத்துக்குள் எண்ண முடியவில்லை. தணிகாசலம் அழுதார். வெங்காயத்தால் இல்லை.

சாயந்திரம் பிரிஸில்லா வந்தாள். கோமதிக்கு வாயெல்லாம் பல்.

"தொட்டி இங்கேயே இருக்கட்டும், பிள்ளை. ஒனக்குக் காப்பி போடுதேன்" என்று உள்ளே போனாள்.

தணிகாசலம் கைகளைத் துடைத்துக்கொண்டு பவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"குருவே, லேசா இடதுபக்கம் சாஞ்சாப்ல இல்ல? ஒரே ஒரு இஞ்சு நகட்டினா..."

பிரிஸில்லா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"மதினி, வெங்காயம் இருக்கா?"