காப்பரி, பிரைட், பிரிஸ்க்

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். தேவசகாயம் ஐயாவுக்கு மீசைகூடக் கிடையாது. கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில், ருசி பார்க்கும் அறையில், காலை ஏழு மணிக்கு வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பார். முன்னால் நீள மேஜை. அதன்மேல் வரிசையாகப் பீங்கான் கிண்ணங்கள். முந்தைய நாள் தயாரான தேயிலையில் வகைக்கு ஒரு கிண்ணம் டீ.

அவருக்கு இரண்டு சீடர்கள். வள்ளிக்கண்ணுவுக்கு நாற்பத்திநாலு வயது, அந்த அறையில் பதினோரு வருஷம். கிருபாகரன் கொச்சியில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வந்தவன். வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

தை பிறந்தால் ஐயா ஓய்வு பெறுகிறார். அவருடைய வெள்ளிக் கரண்டியும், மேஜையின் தலைமாட்டில் அவர் நிற்கும் இடமும் இருவரில் ஒருவருக்குப் போகும். அந்தக் கரண்டியை ஐயா இதுவரை யாரையும் தொட விட்டதில்லை. அது தனக்குத்தான் என்று வள்ளிக்கண்ணு இத்தனை வருஷமும் நிம்மதியாக இருந்தாள், கிருபாகரன் வரும்வரை.

ஏலத்துக்குப் போகும் சீட்டில் எல்லாம் இங்கிலீஷில் இருக்க வேண்டும். நிறம் செம்பு மாதிரி காப்பரியா, டல்லா? இலை வயரியா, அதாவது கம்பி மாதிரி முறுகியிருக்கிறதா? உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினால் சத்தம் கிரிஸ்ப்பாக இருக்கிறதா? வாயில் பிரிஸ்க்கா, ஃப்ளாட்டா? வள்ளிக்கண்ணு இதையெல்லாம் "சுரீர்னு இருக்குங்கய்யா", "சப்புனு கிடக்கு", "ட்ரங்குப் பெட்டி வாசம் அடிக்குது" என்பாள். ஐயா கேட்டு இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். இதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. சீடர்களில் மூத்தவர்தான் முதலில் உறிஞ்ச வேண்டும். வள்ளிக்கண்ணு கரண்டியில் மொண்டு, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் புரட்டித் தொட்டியில் துப்புவாள். எதிரே நிற்கும் கிருபாகரன் அதன் பிறகு உறிஞ்சுவான். துப்பியும் துப்பாமலும் அவன் வாயிலிருந்து வார்த்தை வந்து விழும்.

"பிரிஸ்க், ஐயா."

ஐயா தலையாட்டுவார். அவ்வளவுதான், வள்ளிக்கண்ணுவுக்கு வயிறு எரியும். அதே டீயைத்தானே அவளும் குடித்தாள், அதுவும் முதலில்! சுரீர் என்றது அவள் நாக்குக்கும்தானே தெரிந்தது? நேற்று வந்தவன் ஒரே வார்த்தையில் அதைத் தட்டிக்கொண்டு போகிறானே!

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தாள். அடுப்பைப் பற்ற வைக்கும்போது பிரைட், அரிசி களையும்போது பிரிஸ்க் என்று நாள் முழுக்க மனப்பாடம்.

"யாருடி அந்த பிரிஸ்க்? புது மேனேஜரா?" என்று கேட்டான் புருஷன்.

அவள் முறைத்த முறைப்பில் அவன் பிறகு கேட்கவில்லை. ஆனால் மேஜைக்கு முன்னால் வந்து நின்றால் ஒரு வார்த்தையும் வாயில் வராது. அவள் நோட்டின் எந்தப் பக்கம் என்று நினைவில் புரட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரிலிருந்து பதில் வந்துவிடும்.

ஒரு நாள் அவள் செய்தது நியாயமே இல்லை. டீ ருசி பார்ப்பவர்கள் காலையில் காரத்தைத் தொட மாட்டார்கள், நாக்கு மரத்துப் போகும். அவளோ காந்தாரி மிளகாயை வறுத்து இடித்த பொடியோடு ஆறு இட்லி கொண்டு வந்து, "தனியா ரூம்ல இருக்கீங்க தம்பி, யாரு செஞ்சு போடறா, சாப்பிடுங்க" என்று கிருபாகரன் முன்னால் வைத்தாள். குரலில் அப்படி ஒரு பாசம். அக்கா மனசு நோகக் கூடாதே என்று அவன் ஆறையும் தின்றான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றியது.

அன்று பத்துக் கிண்ணம். பத்தும் சரியாகச் சொன்னான்.

வள்ளிக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. நாக்கு வெந்த பிறகும் இப்படிச் சொல்கிறான் என்றால் அது என்ன நாக்கு! அவன் சைக்கிள் ஏறிப் போனதும் ஐயா முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"என்கிட்ட இல்லாதது அவர்கிட்ட என்ன இருக்கு?"

ஐயா வெள்ளிக் கரண்டியை வெந்நீரில் அலசி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

மறுநாள் காலை பத்துக் கிண்ணங்களும் தயாராக இருந்தன. ஐயா தன் வெள்ளிக் கரண்டியை எடுத்து வள்ளிக்கண்ணுவிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு இதுல பாரு. ஆனா ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு உறிஞ்சு. எதுவும் பேசாதே."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கூசியது. இட்லிப் பொடி விஷயம் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தாள். கரண்டியை ஒரு நாள் தொட விட்டு அனுப்பிவிடப் போகிறார். ஐயா காட்டக் காட்ட ஒவ்வொரு கிண்ணமாக மொண்டுகொண்டு ஜன்னலுக்குத் திரும்பினாள். வெளியே சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தானும் அங்கேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பின்னால் கிருபாகரன் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"காப்பரி, ஐயா," என்றான்.

"அது கண்ணுக்குத் தெரியுது. வாயில எப்படி?"

கரண்டி கிண்ணத்தில் மோதும் சத்தம்தான் கேட்டது.

"அடுத்தது?"

"இதுவும் காப்பரிதான் ஐயா."

"வாயில?"

மறுபடி உறிஞ்சினான். மறுபடியும். மூன்றாவது கிண்ணம், நாலாவது, ஐந்தாவது. வார்த்தை வரவில்லை. வள்ளிக்கண்ணு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வந்த நாளிலிருந்து இப்படி ஒரு மௌனத்தை அவனிடம் அவள் கேட்டதே இல்லை.

கடைசியில் அவன் மெல்லிய குரலில் சொன்னான்.

"அக்கா கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பட்டும் ஐயா."

அவள் விருட்டென்று திரும்பினாள்.

"நான் எதுக்குத் திரும்பணும்? டீ என் முதுகுலயா இருக்கு?"

"திரும்பிட்டியே, அப்படியே நில்லு," என்றார் ஐயா. "இப்ப ஆறாவது கிண்ணம். உறிஞ்சு."

கோபத்தோடு மொண்டு உறிஞ்சினாள். நாக்கில் பட்டதும் கண்கள் இறுக மூடிக்கொண்டன, புருவம் நெற்றிக்கு ஏறியது. சுரீர் என்று அப்படி ஒரு டீ. கோபத்தைக்கூட அரை நொடி மறந்துவிட்டாள்.

"பிரிஸ்க்!" என்றான் கிருபாகரன்.

அவள் கண் திறந்தாள். அவனுடைய கரண்டி இன்னும் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"ஏழாவது," என்றார் ஐயா.

உறிஞ்சினாள். உதட்டோரம் தானாகச் சரிந்தது.

"ஃப்ளாட்," என்றான். சொல்லிவிட்டு, காது மடல் சிவக்க, தலையைக் குனிந்துகொண்டான்.

வள்ளிக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. கரண்டியை ஐயாவிடமே திருப்பி நீட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

"பாத்தீங்களா ஐயா! இப்பக் குடிக்காமலே சொல்றார். பதினோரு வருஷமா இங்க நிக்கிறேன். நேத்துக் கேட்டேன், நாளைக்குன்னீங்க. இன்னிக்காவது சொல்லுங்க. என்கிட்ட இல்லாதது அவர்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

அவள் நீட்டிய கரண்டியை ஐயா வாங்கிக்கொள்ளவில்லை.

"உன் முகம்," என்றார்.